பிஷப்பைச் சுட்டவள்

"சுட்டது நீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மிஸஸ் மல்ரூனி" என்றார் தலைவர் லாலர்.

அட்ராக்டா மல்ரூனி கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். மாட்டுக்கொட்டகை ஏணியிலிருந்து விழுந்து அடிபட்ட கால், இன்னும் சரியாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கில்டரா வேட்டைச் சங்கத்தின் நிர்வாகிகள் மதுக்கடையின் பின்னறையில் கூடியிருந்தார்கள். சுவரில் 1871-லிருந்து தலைவராக இருந்தவர்களின் படங்கள். அவர்களில் ஒருவர் அட்ராக்டாவின் கணவருடைய தாத்தா.

விஷயம் சின்னது இல்லை. அயர்லாந்தில் இந்தப் பக்கம், ஒரு நரியை நாற்பது நாய்களும் முப்பது குதிரைகளும் நாள் முழுக்க விரட்டலாம். அது விளையாட்டு. அதே நரியை ஒருவர் துப்பாக்கியால் சுட்டுவிட்டால் மன்னிப்பே கிடையாது. 1912-ல் குவின்லன் என்று ஒருவன் சுட்டான். அவனுடைய கொள்ளுப்பேரனுக்குப் பெண் கேட்டுப் போனபோதும் அந்தப் பேச்சுதான் முதலில் வந்தது.

இப்போது காணாமல் போயிருப்பதோ 'பிஷப்' என்ற நரி. கழுத்தில் பாதிரியாருக்கு இருப்பதுபோல வெள்ளைப் பட்டை இருப்பதால் ஊர் வைத்த பெயர். சனிக்கிழமைதோறும் கல்குவாரிப் பக்கம் கிளம்பி, அத்தனை பேரையும் சுவர் சுவராகத் தாண்ட வைத்து, ஆற்றங்கரையில் மாயமாகிவிடும். எந்த நாயும் அதன் வாலைத் தொட்டதில்லை. பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் அதை விரட்ட ஆட்கள் வந்தார்கள்.

"மூணு சனிக்கிழமை ஆச்சு" என்றார் லாலர். "முதல் ரெண்டு வாரம் நாய்ங்களுக்கு மோப்பமே கிடைக்கல. போன வாரம் ஒரே ஓட்டமா ஓடிச்சுங்க. எங்கே? நேரா ஃபின்பார் வீட்டு வாசலுக்கு! அங்கே நின்னு வாலாட்டுதுங்க. பக்கத்து ஊர்க்காரன் எல்லாம் குதிரை மேல உட்கார்ந்து சிரிக்கிறான்."

கதவருகே நின்றிருந்த ஃபின்பார் தரையைப் பார்த்தான். சங்கத்தின் நாய்களை வளர்ப்பதும் வேட்டையில் அவற்றை நடத்துவதும் அவன் வேலை. சங்கம் கொடுத்த வீட்டில்தான் மனைவி, மூன்று பிள்ளைகளோடு இருக்கிறான்.

"இதெல்லாம் ஆரம்பிச்ச வாரம் உங்க நிலத்துல துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்கு" என்று லாலர் அட்ராக்டாவிடம் திரும்பினார்.

"காக்காய விரட்டினேன்" என்றாள் அட்ராக்டா.

"கிறிஸ்துமஸுக்கு வளர்த்த வான்கோழி ரெண்டு போச்சுல்ல உங்களுக்கு?" என்று நடுவில் புகுந்தாள் கால்நடை மருத்துவரின் மனைவி மிஸஸ் டெம்ப்சி. "கோவம் இருக்கத்தானே செய்யும்?"

"அது ஏதோ தெருநாய் தூக்கிட்டுப் போச்சு."

"தெருநாயாம்! போன மாசம்கூட பிஷப்பை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். எங்க வேலியோரம் நின்னு என்னையே முறைச்சுது."

"நானும் பார்த்தேன். கொழுகொழுன்னு இருந்துச்சு" என்றார் மளிகைக்கடைக்காரர்.

லாலர் ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நரியே இல்லைன்னா வேட்டை எதுக்கு? இன்னிக்கே சங்கத்தைக் கலைச்சிடலாம். நம்ம நாய்கள்ல பாதியை எடுத்துக்கிறோம்னு பக்கத்துச் சங்கம் எழுதியிருக்கு. மீதிக் கிழடுங்களை..."

எல்லோரும் ஃபின்பாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"நான்தான் சுட்டேன்" என்றாள் அட்ராக்டா.

மிஸஸ் டெம்ப்சி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"அதானே பார்த்தேன்! கடைசியா பார்த்தப்பவே அது நொண்டிச்சு" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"இன்னொண்ணையும் கேட்டுக்கோங்க" என்றாள் அட்ராக்டா. "அதோட குட்டி ஒண்ணு இருக்கு. அதே வெள்ளைப் பட்டை. குவாரியில திரியுது. ரெண்டு வாரம் அந்தப் பக்கம் போகாதீங்க. அப்புறம் பாருங்க, அப்பனை மிஞ்சி ஓடும்."

லாலரின் முகம் தெளிந்தது. கடிதத்தைக் கிழித்துக் கணப்பில் போட்டார். பிறகு உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து, அட்ராக்டாவின் பெயரை அழுத்தமாக அடித்தார்.

"இனிமே நீங்க வேட்டைக்கும் வரக்கூடாது, விருந்துக்கும் வரக்கூடாது. ஊர்ல யாராவது உங்ககூடப் பேசுவாங்கன்னும் எதிர்பார்க்காதீங்க."

மிஸஸ் டெம்ப்சி தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதுதான் அட்ராக்டாவுக்கு அதிகம் வலித்தது. பிள்ளை குட்டி இல்லாதவள். கணவன் போன பிறகு இந்தச் சங்கத்து ஆட்களைத் தவிர அவளுக்கென்று வேறு யாரும் கிடையாது. கண்ணீரை அடக்கிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி வெளியே வந்தாள்.

கார் அருகே போவதற்குள் ஃபின்பார் ஓடி வந்துவிட்டான்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? பிஷப் சொறி வந்து செத்து ஆறு வருஷம் ஆச்சு. நாம ரெண்டு பேரும்தானே புதைச்சோம்?"

"மெதுவாப் பேசு" என்றபடி அவள் காரின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே கயிறு கட்டிய ஒரு சாக்குமூட்டை, அதில் மிருகக்காட்சிசாலை நரிக்கூண்டிலிருந்து கேட்டு வாங்கிய, நரி வாடை வீசும் வைக்கோல். "முட்டி சரியாக இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னு டாக்டர் சொல்லிட்டார். அப்புறம் எப்பவும்போல சனிக்கிழமை காலையில இதைக் குவாரியிலேருந்து ஆத்தங்கரைவரைக்கும் நானே இழுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் போன வாரம் மாதிரி நீ இழுக்கிறேன்னு தொட்டுடாதே, நாய்ங்க மறுபடியும் உன் வாசனையைப் பிடிச்சுக்கிட்டு உன் வீட்டுக்கே வந்து நிக்கும்."