வைக்கோல் அதிபர்

"இன்னும் கொஞ்சம் பேசுங்கண்ணே" என்று முன்வரிசையிலிருந்து மகளிர் குழுத் தலைவி விண்ணரசி கேட்டதும் கிளமென்ட் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

அவருடைய கட்சி வாழ்க்கையில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது. சீக்கிரம் முடிக்கச் சொல்லித்தான் மேடைக்குத் துண்டுச்சீட்டு வரும்.

வேளாங்கண்ணி சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தக் கடைமடை ஊரில், ரேஷன் கடை வாசலில் கண்டனக் கூட்டம். இந்தியாவுக்கு யுரேனியம் வேண்டுமென்றால் அணு உலைகளைத் திறந்து காட்ட வேண்டும், இனிமேல் குண்டு வெடித்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு வெளிநாட்டு அதிபர் பேசிவிட்டார். டெல்லியில் ஆளுங்கட்சி மழுப்பியது. எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்தது. கிளமென்டின் கட்சி ஒன்றியம்தோறும் அதிபரின் கொடும்பாவியைக் கொளுத்தச் சொன்னது.

கிளமென்ட்தான் ஒன்றியச் செயலாளர். பிழைப்புக்கு செராக்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை பூசையையும் விடமாட்டார், கட்சிக் கூட்டத்தையும் விடமாட்டார். ஆனால் அவர் கூட்டம் போட்டால் மைக் செட்காரரையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் தேறுவதே பெரிய பாடு. இந்த முறையும் ஆள் வரவில்லையென்றால் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவதாக மாவட்டச் செயலாளர் செல்போனில் சொல்லியிருந்தார். சொன்னதோடு விடாமல் காரில் வந்து மேடையிலும் உட்கார்ந்துவிட்டார்.

அப்படிப்பட்ட நாளில் ஊரே திரண்டு வந்திருந்தது.

பெண்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் மண்வெட்டியும் கையுமாக நின்றார்கள். ஒரு போட்டோ எடுத்தால் அப்படியே மாநாட்டு மலருக்கு அட்டைப்படமாகப் போடலாம் என்று கிளமென்ட் நினைத்தார்.

வாய்க்கால் மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் பக்கிரிகூட வந்திருந்தார். அவருக்கு மட்டும் நாற்காலி. கையில் கலர் சோடா. இரண்டு தடவை மதகுப் பக்கம் கிளம்பப் பார்த்தவரை, உலக விஷயம் பேசும்போது பாதியில் எழுந்து போகலாமா என்று பெண்கள் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

கிளமென்டுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஊருக்கு என்ன கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். புரட்டாசி முடியப்போகிறது, மழை எட்டிப் பார்க்கவில்லை. விதைத்த சம்பா வெளிறி நிற்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விடுவதாகப் பெயர்தான். இவர்கள் முறை வரும்போதெல்லாம் மேல்மடைக்காரர்கள் பக்கிரியை நன்றாகக் கவனித்துக்கொள்வார்கள், ஷட்டர் இறங்கியே கிடக்கும். இத்தனை வேதனையிலும் அணு அரசியலைக் கேட்க வந்திருக்கிறார்களே இந்த ஜனங்கள் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"இருக்கிறவன் கையில் சாவி. இல்லாதவன் அவன் வாசலில் கைகட்டி நிற்க வேண்டும். இது என்ன நியாயம்?" என்று மைக்கில் முழங்கினார்.

விசில் பறந்தது. எல்லோரும் ஏனோ பக்கிரியைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கிரியும் கைதட்டினார்.

மேடைக்குப் பக்கத்தில், பழைய பேண்ட்டும் கோட்டும் மாட்டிய வைக்கோல் அதிபர் பொறுமையாகச் சாய்ந்திருந்தார். கொளுத்தியதும் பிடுங்கி அணைப்பதற்காக எஸ்.ஐ. ஒரு வாளித் தண்ணீரோடு காத்திருந்தார். கிளமென்ட் தீப்பெட்டியை எடுக்கும்போதெல்லாம் கூட்டம் தடுத்தது. என்ன அவசரம், அந்த ஆள் வேறென்ன சொன்னான் என்று கேட்டது.

கிளமென்டும் சொன்னார். யுரேனியம் முடிந்து புளூட்டோனியம் வந்தது. ஹிரோஷிமா வந்தது. தெரிந்ததெல்லாம் தீர்ந்த பிறகு விலைவாசிக்குப் போய், கடைசியில் அதிபரின் மாமனார் குடும்பம் வரை வந்துவிட்டார். எஸ்.ஐ. கொட்டாவி விட்டார். கூட்டத்தில் ஒருவர் அசையவில்லை.

அப்போதுதான் முருகையன் வந்தான். அந்த ஊர் விவசாயி, எந்தக் கட்சியும் இல்லாதவன். முழங்கால் வரை சேறு, மூச்சு இரைத்தது. நேராக மேடைக்கு வந்து கிளமென்டின் காதருகே குனிந்தான்.

"இப்பக் கொளுத்தலாம்ணே."

அதிபர் எரிந்தார். கோஷம் போட ஆளில்லை. ஆண்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்தார்கள். பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பக்கிரிக்கு அப்போதுதான் உறைத்தது. கலர் பாட்டிலைப் போட்டுவிட்டுச் சைக்கிளை நோக்கி ஓடினார். இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை.

மாவட்டச் செயலாளர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. கிளமென்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்படி ஒரு கட்டுப்பாடான கூட்டத்தை நான் பார்த்ததில்ல தோழர். பொறுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்."

கார் கிளம்பிப் போனது. ரேஷன் கடைக்குப் பின்னால், காய்ந்து வெடித்திருந்த வாய்க்காலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. கிளமென்ட் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஒரு ஆள்கூடத் தன் பேச்சைக் கேட்க வரவில்லை என்பது கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

முருகையன் பக்கத்தில் வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, அந்த அதிபரு மறுபடி எப்பப் பேசுவாரு? பயிரு பொதி கட்டிக் கதிரு வர்ற நேரத்துல இன்னொரு தண்ணி வேணும்."

கிளமென்ட் கார் போன திசையைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"அவரு எப்பப் பேசுனா நமக்கென்ன தம்பி. தேதியச் சொல்லு, கண்டிச்சிடுவோம்."