வரி மிச்சமில்லாத கார்டு

நிக்டி என்கிற வடக்கத்தி ஊர்ப் பக்கம் கம்பெனி ஒன்றில் சம்பளப் பிரிவு மேனேஜர் பத்மநாபன். படித்தவர்கள் வரி விஷயத்தில் அசடாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. ஏப்ரல் கடைசி நாளன்று டிசைன் பிரிவு கீர்த்தியைக் கூப்பிட்டனுப்பியதும் அதற்காகத்தான்.

சம்பளத்தில் எதை எந்தச் சலுகையாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் படிவம் கம்ப்யூட்டரில் திறந்திருந்தது. ஃபுட் கார்டுக்கு மாதம் இரண்டாயிரத்து இருநூறு என்று போட்டிருந்தாள் கீர்த்தி.

"நீங்க புது வரி முறையில இருக்கீங்கம்மா. இதுல ஃபுட் கார்டுக்கு விலக்கே கிடையாது. உங்க சம்பளத்துல பிடிச்சு உங்களுக்கே கார்டுல போடறோம். ஹோட்டல், மளிகைக் கடை தவிர எங்கயும் செல்லாது. எடுத்துடறேன், பணமாவே கைக்கு வரும்."

"வேண்டாங்க சார், இருக்கட்டும்."

போன வருஷமும் இதையேதான் சொன்னாள். ஒரு தாளில் கணக்குப் போட்டே காட்டினார் பத்மநாபன். வரி மிச்சம் பூஜ்யம். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்த பெண்ணுக்கு இதுகூடவா புரியாது என்று எரிச்சல் வந்தது. தானே அழித்துவிடுவது என்று மவுஸில் கை வைத்தார்.

"அழிச்சிடாதீங்க சார். பணம் என் கைக்கு எங்க வருது? ஏடிஎம் கார்டு வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. அக்கவுண்டுக்கும் அவர் நம்பர்தான், மெசேஜ்கூட அவருக்குத்தான் போகும். இது ஒண்ணுதான் என் பர்ஸ்ல இருக்குது."

பத்மநாபன் கையை எடுத்தார்.

"பாப்பா ஸ்ட்ராபெர்ரி வேணும்னு கேட்டுட்டே இருந்தா. நானே கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்தேன். யாரையும் கேக்கலைங்க."

இவளைப் போய் அசடு என்று நினைத்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சம்பாதிக்கறது நீங்க. என்ன மனுஷன்மா அவர்?"

"நல்லவர்தாங்க சார். கேட்டாக் கொடுப்பார். கேக்கணும், அவ்வளவுதான்."

அவள் போன பிறகும் அவருக்குக் கோபம் ஆறவில்லை. இந்தக் காலத்திலும் இப்படிப் புருஷர்கள் இருக்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மேஜை மேலிருந்த அவருடைய போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார்.

மனைவி ரோஹிணியின் பள்ளிக்கூடச் சம்பளம் வந்துவிட்டதாக பாங்க் அவருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தது.