நான்காவது நிப்பு

மூன்றாவது நிப்பும் காகிதத்தைக் கிழித்தது.

தணிகாசலம் பேனாவை என்னிடமிருந்து வாங்கித் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் எழுதுகிறவர் கைக்கேற்ப நிப்பைத் தேய்த்துத் தருகிறவர் அவர் ஒருவர்தான். கடையை அப்போதுதான் திறந்திருந்தார். சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை.

“போணி நேரத்துல இன்னா தம்பி இது? நேத்து ஒரு வாத்தியாரு இதுலதான் எழுதிப் பாத்தாரு. வெண்ணெ மாதிரி கீதுன்னாரு.”

போல்ட் கம்பெனியில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுவிட்டு வந்திருந்தேன். கடை திறக்கக் காத்திருந்ததிலேயே அதில் முக்கால் மணி போய்விட்டது.

எழுபத்தாறாம் வருட டைரியின் கடைசிப் பக்கத்தில் ஐந்து கேள்விகள் எழுதி எடுத்து வந்திருந்தேன். இல்லாவிட்டால் கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிடுவேன்.

பெயரை அலங்காரமாக எழுதினால் கோடு தடித்தும் மெலிந்தும் வருகிறதா? அதே பேனா தினமும் பாடக் குறிப்பு எழுதவும் ஆகுமா? எந்தப் பக்கம் தள்ளினாலும் கொத்தாமல் போகிறதா? ஐந்து எண்ணுவதற்குள் மை காய்கிறதா?

ஐந்தாவது கேள்வியை அவரிடம் கேட்க முடியாது. நிப்பு மோசமா, என் கை மோசமா?

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் திங்கட்கிழமை ஆள் எடுக்கிறார்கள். அறுபது சான்றிதழ்களில் பெயர் எழுத ஒரு நல்ல கை வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் ஒரு பெயரை எழுதிக் காட்ட வேண்டும். பேனாவை அவரவரே கொண்டுவர வேண்டும்.

நடுவில் நிப்பு ஒருமுறை கொத்தினால் போதும். அதன் பிறகு அந்த வகுப்புப் பக்கம் கால் போகாது.

தணிகாசலம் நான் எழுதிய தாளை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

“கோழி மிதிச்சிட்டுப் போன மாதிரி கீது. இதுக்குப் பேனா இன்னா பண்ணும்? பழக்கிக்கணும் தம்பி. சின்ன வயசுதானே. ஒரு மாசம் கஷ்டப்பட்டா வந்துடும்.”

ஒரு மாதமாகத்தான் கஷ்டப்படுகிறேன் என்று நான் சொல்லவில்லை.

நான்காவது நிப்பின் நுனி பட்டையாக இருந்தது. அதைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, இரண்டு மூலைகளையும் மழுங்கத் தேய்த்துக் கொடுத்தார்.

‘ண’ எழுதினேன். மூன்று சுழிகளும் தடையில்லாமல் வந்தன. ‘ழ’ எழுதினேன். ஐந்து எண்ணிவிட்டு விரலால் தேய்த்தேன். மை ஒட்டவில்லை.

இது சரி என்று தோன்றியது. தோன்றியதை நம்பலாமா என்று தெரியாமல் மறுபடியும் எழுதினேன். மறுபடியும் சரியாகத்தான் வந்தது.

“நல்லா கீதுங்க,” என்றேன்.

அவர் பேனாவை மூடி நீட்டினார். நான் கையை நீட்டியதும் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“எழுதறதுதான் அந்தக் கையால. வாங்கறதாவது சோத்துக் கையால வாங்கு தம்பி.”

நீட்டியிருந்த என் இடது கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் ஓரமெல்லாம் நீலமாகியிருந்தது.

“எனக்கு சோத்துக் கைதாங்க பழக்கம். பேனா எங்க அக்காவுக்கு. அதுக்குத்தான் பீச்சாங்கை.”

மூன்றாம் வகுப்பில் அக்காவின் அந்தக் கை முட்டியில் தினமும் ஸ்கேல் விழுந்தது. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். இருபத்தாறு வயதில் இப்போது என்னோடு மாலை வகுப்புக்கு வருகிறாள். கடைசி பெஞ்சில், சுவர் ஓரமாக, முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு எழுதுகிறாள். எழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

திங்கட்கிழமைக்குப் பெயர் கொடுத்தவள், பேனா வாங்க மட்டும் வர மாட்டேன் என்றுவிட்டாள்.

“எனக்குக் கீற தைரியம் ஒரு தரத்துக்குத்தான் காணும்டா. அத கடையில செலவு பண்ணிட்டா வகுப்புக்கு எங்க போறது?”

அதனால்தான் ஒரு மாதமாக, அவளுக்குத் தெரியாமல், சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து இடது கையால் எழுதிப் பழகினேன். பழகிய பிறகும், அவள் கைக்கு எது பொருந்தும் என்று என் கைக்குத் தெரியுமா என்ற சந்தேகம் போகவில்லை.

தணிகாசலம் பேனாவைக் கொடுக்கவில்லை. மூடியைத் திரும்பக் கழற்றினார். விற்க மாட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“அக்கா பேரு இன்னா?”

“அருள்மேரி.”

பேனாவைத் தன் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். தாளின் மேல் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுத்து என்னுடையதைவிடக் கேவலமாக இருந்தது.

‘ரு’வின் வளைவில் நிப்பு இடித்து நின்றது.

“நல்லா கீதுன்னியே,” என்றார். “இங்க இடிக்குது பாரு. பொண்ணு நாலு பேரு எதிர்ல எழுதப் போவுது.”

மறுபடியும் கண்ணாடித் துண்டை எடுத்துத் தண்ணீர் விட்டார். மைப்புட்டி வாங்க ஒருவர் வந்து நின்றார். தலையைத் தூக்காமலே, “குந்துங்க, நேரமாவும்,” என்றார் தணிகாசலம்.

பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து, முதல் ‘அ’விலிருந்து மறுபடியும் இடது கையால் எழுதத் தொடங்கினார்.