பிள்ளை என்றால் யார்?

"தம்பி கைவிட்ட பொண்ணை வீட்டைவிட்டுத் துரத்த இந்த அண்ணனுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ?"

கோர்ட் வராந்தாவில் எல்லோருக்கும் இதே பேச்சு. அந்தப் பெண்ணுக்காக வாதாடும் பெண் வக்கீலுக்கும் அதே எரிச்சல்தான்.

விவாகரத்துக்குப் பிறகும், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, கண் மூடும்வரை பார்த்துக்கொண்டவள் அவள்.

மாமியார் உயிலில் எழுதியது ஒரே வரி: 'கடைசிவரை என்னைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு இந்த வீடு.'

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வழக்குப் போட்டுவிட்டார்கள். மாதாமாதம் பணம் அனுப்பியதும் பார்த்துக்கொண்டதுதானாம்.

அவர்களுடைய வக்கீல் அகராதியை விரித்தார். "பிள்ளைன்னா பெத்த பிள்ளை. மருமகளே அதுல வரமாட்டா. இவங்க முன்னாள் மருமகள் வேற."

பெண் வக்கீல் அசரவில்லை. "உயில்ல இருக்கிற சொல்லுக்கு அகராதி எஜமான் இல்லை, ஐயா. எழுதினவங்க அந்தச் சொல்லை எப்படிப் புழங்கினாங்கன்னுதான் பார்க்கணும்."

அண்ணன் கூண்டில் ஏறினார்.

"எத்தனை பிள்ளைங்கன்னு யாராவது கேட்டா, உங்க அம்மா என்ன சொல்வாங்க?"

தம்பி முறைத்தான். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூணு."

"நீங்க ரெண்டு பேர்தானே?"

"அவளையும் சேர்த்துத்தான் சொல்வாங்க."

வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. வீடு அவளுக்கே என்று தீர்ப்பானது.

வாசலில் பெண் வக்கீல் அண்ணனை மறித்தார். "இவ்வளவும் தெரிஞ்சு எதுக்கு சார் வழக்குப் போட்டீங்க? பாவம், எப்படி அழுதா தெரியுமா?"

"தெரியும்," என்றார் அவர். "தீர்ப்பான விஷயத்தை அதே ஆள் மறுபடி கிளப்ப முடியாதாமே. லத்தீன்ல ஏதோ சொல்வீங்களே?"

"ரெஸ் ஜுடிகேட்டா. தீர்ந்த வழக்கு தீர்ந்ததுதான்."

"அதேதான். நான் முன்னால நின்னதாலதான் தம்பி நம்பி வழக்குல கையெழுத்துப் போட்டான். சும்மா விட்டிருந்தா, என் காலத்துக்கு அப்புறம், அவளுக்குத் துணைக்கு ஆள் இல்லாத நேரமாப் பார்த்து வந்திருப்பான். இப்ப அப்பீல் போனாலும், நான் கூண்டுல சொன்னது பதிவாகி இருக்கு."

பெண் வக்கீல் வழிவிட்டு விலகினார்.

"அவன் என்னைக்குமே ஜெயிக்கக் கூடாதுன்னுதான் மேடம், நானும் அவன்கூடச் சேர்ந்து தோத்தேன்."