ஏழு கால் பூனை

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஊட்டி தீம். இந்த மாதம் அரண்மனை. தீம் கண்ணாடியைக் கண்ணில் மாட்டினால் சுவரெல்லாம் பளிங்குத் தூண்கள். ஃபிரிட்ஜ் பனிக்கரடி, கேஸ் சிலிண்டர் சிவப்புக் குதிரை. ஐகான்கள் எல்லாம் என் மனைவி சுகந்தியின் தேர்வு. மகள் இதழினிக்கு மட்டும் ஏழு வயது ஆகும்வரை கண்ணாடி கிடையாது.

போகியன்று பழைய தீம்களை அழிப்பது எங்கள் அடுக்ககத்து வழக்கம். காலையில் நான் அரண்மனையையும் சேர்த்து அழித்த மறுநொடி சுகந்தி அலறினாள்.

கூடத்துச் சுவர் முழுக்க கிரேயான். மீசையோடு நான், கரண்டியோடு அவள், நடுவில் ஏழு கால் பூனை. நாளைக்கு வீட்டுக்காரர் வேறு வருகிறார்.

"என்னடி இது?"

"தினம் காட்டினேனேம்மா! ரெண்டு பேரும் சூப்பர்னு சொன்னீங்க. அதான் இன்னும் வரைஞ்சேன்."

சொன்னது உண்மைதான். அவள் விரல் நீட்டிய இடத்தில் நாங்கள் பார்த்தது பளிங்குத் தூண்.

சுகந்தி தன் கண்ணாடியைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"அழிச்சிடலாமா?" என்றேன்.

"எதுக்கு? வீட்டுக்காரர் கண்ணாடியோடதானே வருவார்? அவருக்கு அந்த அரண்மனையையே திரும்பப் போட்டுக் காட்டுங்க."

பிறகு மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பூனைக்கு எதுக்கு ஏழு கால், கண்ணு?"

"ஓடுதுல்லம்மா!"