அஞ்சேகால் பஸ்

தாராபுரம் பஸ்ஸின் மூன்றாவது ஜன்னலில் நித்யஸ்ரீயின் பச்சைத் துப்பட்டா தெரிந்தது. தங்கதுரை தன் பைக்கின் வேகத்தைக் குறைத்து, சற்றுப் பின்தங்கியே ஓட்டினான்.

கட்டிய மனைவியை இப்படிப் பின்தொடர வேண்டி வரும் என்று அவன் நினைத்ததில்லை.

பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள்தான் பற்ற வைத்தாள். "அஞ்சு மணியானா அம்மிணி பேக்கை மாட்டிட்டுக் கெளம்பீருது. எங்கீங்க தம்பி போகுது?"

அவனுக்குத் தெரிந்தால்தானே சொல்ல. அவன் வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடும். அப்போதெல்லாம் அவள் ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆரி ஃப்ரேமின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

நான்கு வருடமாக அதுதான் அவள் தொழில். கல்யாண ப்ளவுஸ்களுக்கு ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். பல்லடத்தில் நல்ல பெயர். பல் துலக்கும்போதே அளவு ப்ளவுஸோடு யாராவது கேட்டைத் தட்டுவார்கள். சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும். ஒரு போனைக்கூட அவள் விட்டதில்லை.

அந்தப் போன் இப்போது தினமும் அஞ்சேகாலிலிருந்து ஆறரை வரை சுவிட்ச் ஆஃப்.

நாலு நாள் அடித்துப் பார்த்துவிட்டான். கேட்டதற்கு, "சார்ஜ் இல்லீங்க" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இன்று மேனேஜரிடம் வயிற்றுவலி என்று பெர்மிஷன் வாங்கிக் கிளம்பி வந்துவிட்டான்.

ஊரைத் தாண்டியதும் பஸ் வேகம் எடுத்தது. யாராக இருக்கும்? மணி கொண்டுவந்து கொடுக்கிற அந்தக் கோயமுத்தூர்க்காரனா? வார்த்தைக்கு வார்த்தை அக்கா போடுகிறவன். அப்படிப்பட்டவனைத்தான் நம்பக் கூடாது.

கோழிப்பண்ணை ஸ்டாப்பில் இறங்கினாள். அவள் ஒருத்தி மட்டும்.

தங்கதுரை ஒரு வேப்பமரத்தின் பின்னால் வண்டியை ஒதுக்கினான். அவள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். பையிலிருந்து சீப்பை எடுத்து முன்முடியைச் சரிசெய்தாள்.

யாருக்காக?

வெள்ளைக் கார் ஒன்று அவளருகே வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. அவள் குனிந்து பேசினாள். சிரித்தாள்.

அவள் கையை நீட்டி ஒரு மண் ரோட்டைக் காட்டினாள். கார் அந்தப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. வழி கேட்டிருக்கிறார்கள்.

சிறிது நேரத்தில் பல்லடம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

அவ்வளவுதான். யாரும் வரவில்லை, யாரையும் அவள் பார்க்கவில்லை. அதுதான் அவனை அதிகம் குடைந்தது.

குறுக்கு வழியில் விரட்டி வந்து, அவளுக்கு முன்பே வீட்டுக்குள் போய் உட்கார்ந்தான். அவள் வந்தாள். அவனைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"எங்க போயிட்டு வர்றே?"

"வேப்பமரத்துக்கிட்ட நின்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க."

அவனுக்குச் சுருக்கென்றது.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். "வேலைக்குன்னு வெளிய போனா சாய்ங்காலம் ஊட்டுக்கு வரலாமுங்க. எனக்கு எந்திரிச்சாலும் ஃப்ரேம், படுத்தாலும் ஃப்ரேம். நாலு வருசமா நான் எங்கிருந்தும் ஊட்டுக்கு வந்ததே இல்லீங்க. திரும்பி வர்றதுக்குத்தான் போறேன்."

நம்புவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. இப்படியும் ஒருத்தி பஸ் ஏறுவாளா?

"அதைச் சொல்லீட்டுப் போறதுக்கென்ன? புருசங்கிட்ட எதுக்கு மறைக்கோணும்?"

அவள் பையைக் கழற்றி ஃப்ரேமின் மேல் வைத்தாள்.

"ஷிப்மெண்ட் அவசரம்னு சொல்லீட்டு, எட்டு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில உக்காந்திருக்கறீங்களே. அதை எங்கிட்டச் சொன்னீங்களா?"

அவள் சொன்னது நிஜம்தான்.

கம்பெனியில் அவனுக்கு அஞ்சரைக்கே வேலை முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தால் அளவு கொடுக்கும் பெண்கள் ஹால் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார ஓர் இடம் இருக்காது. ஆறு மாதமாக ஒரு டீயை வைத்துக்கொண்டு பேக்கரியில் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தான்.

"பஸ்ஸுல திரும்பி வர்றப்ப தினமும் பாக்கறனுங்க. ஒண்டியாத்தான் உக்காந்திருக்கறீங்க" என்றாள் அவள். "ஒரு நாள் எறங்கி வந்து பக்கத்துல உக்காரலாம்னு இருந்தேன். உங்களுக்கும் அப்படி ஒண்டியா இருக்கற நேரம் வேணும்போலத் தெரிஞ்சுது. அதான் வரலீங்க."