உருண்டை சோப்பு ரகசியம்

“உருண்டையா சோப்பு போடலாம்னு நாம இப்பதான் பேசிக்கிட்டே இருக்கோம். அதுக்குள்ள போட்டிக் கம்பெனி சோப்பு கடை கடையா உருளுது! நீ போட்ட லைன்லதான்மா எங்கேயோ ஓட்டை!”

சோப்புக் கம்பெனி முதலாளி போனில் பொரிந்து தள்ளினார். நெட்வொர்க் இன்ஜினியருக்குக் காது சுட்டது. ஓட்டையைக் கண்டுபிடிக்காவிட்டால் அவள் வேலைக்கே வேட்டு. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் விற்பனை மேனேஜரைத் தேடி ஓடினாள்.

ஹாலில் பெரிய மேசை. ஒரு பக்கம் மேனேஜரின் லேப்டாப். எதிர்ப்பக்கம் அவர் மனைவி சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

“சார், வி.பி.என். போடாம ஆபீஸ் ஃபைலைத் திறந்தீங்களா?”

“அது இல்லாம திறக்கவே மாட்டேங்குதே! அப்படி என்னதான்மா பண்ணுது அது?”

“இன்டர்நெட் பொது ரோடு சார். அதுல நமக்குன்னு ஒரு சுரங்கப்பாதை. போறது வர்றது எல்லாம் பூட்டின பெட்டியிலதான். நடுவுல எவன் பிடிச்சுப் பார்த்தாலும் ஓர் எழுத்துகூடப் புரியாது.”

பாஸ்வேர்ட், வைஃபை, லேப்டாப் என்று சல்லடை போட்டுச் சலித்தாள். எல்லாம் கச்சிதம்.

அதற்குள் ஆபீஸிலிருந்து அழைப்பு. மேனேஜர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழங்கினார்: “எலுமிச்சை வேண்டாம்! மல்லிகை வாசனையே போடுவோம்!”

“மெதுவா சார்!” இன்ஜினியர் பதறிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். “அக்கம்பக்கத்துல யாராவது...”

“பக்கத்து வீடு காலியா கிடக்கு. இங்க நானும் இவளும்தான். வீட்டுல நாங்க ஆபீஸ் பேச்சே எடுக்கிறதில்ல. என் வேலை எனக்கு, இவ வேலை இவளுக்கு.”

இன்ஜினியர் நிம்மதியாக முதலாளிக்குப் போன் போட்டாள். “நம்ம பாதையில கொசுகூட நுழைய முடியாது சார். வேற எங்கேயோதான் கசியுது.”

பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவளை மேனேஜரின் மனைவி நிறுத்தினார்.

“கண்ணு, வந்தது வந்துட்டே, என் லேப்டாப்பையும் ஒரு கை பார்த்துடேன். எங்க ஆபீஸ் வி.பி.என். காலையிலேருந்து மக்கர் பண்ணுது. எங்க முதலாளி வேற, நம்ம ரகசியமெல்லாம் எப்படியோ வெளியே போகுதுன்னு குதிக்கிறார்!”

இன்ஜினியர் லேப்டாப்பைத் திறந்தாள். திரை நிறையப் போட்டிக் கம்பெனியின் உருண்டை சோப்பு பளபளவென்று சுழன்றது.